ஜெய்ஷ் அல்-அத்ல்

ஜெய்ஷ் அல்-அத்ல் என்பது ஈரானின் தென்கிழக்கில் உள்ள சிஸ்தான்-பலுசிஸ்தான் மாகாணத்தில் ஈரானிய அரசுக்கு எதிராக ஆயுதப் போராட்டம் நடத்திய பலூச் இனத்தவரின் சுன்னி முஸ்லிம் ஆயுதக் குழு ஆகும். இது 2012 ஆம் ஆண்டில் உருவானது. 2003 ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டு, 2010 இல் தலைவரை இழந்து சிதறிய ஜுந்துல்லா என்னும் குழுவின் தொடர்ச்சியாகவே இது பரவலாகக் கருதப்படுகிறது. ஈரான் இதனைப் பயங்கரவாதக் குழு என்றும் பிரிவினைவாதக் குழு என்றும் அழைக்கிறது. ஐக்கிய அமெரிக்காவும் இதனை வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. பலூச் மக்களின் உரிமைகளையும் சுன்னி முஸ்லிம்களின் சமய உரிமைகளையும் காப்பதே தமது நோக்கம் என்று இக்குழுவினர் கூறி வந்தனர்.

ஒரு குழுவின் தலைவர் தூக்கிலிடப்பட்ட பின்னரும் அதே மண்ணில் வேறொரு பெயரில் கிளர்ச்சி தொடர்ந்தது ஏன் என்பதை அறிய, குழுவின் வரலாற்றுடன் அம்மாகாணத்தின் எல்லை, சமயம், பிழைப்பு ஆகியவற்றையும் அறிதல் வேண்டும்.

பெயர்

ஜெய்ஷ் அல்-அத்ல் என்னும் அரபுத் தொடருக்கு "நீதியின் படை" என்று பொருள். ஈரானிய அரசு ஊடகங்கள் இப்பெயரை ஏற்பதில்லை. அவை "அநீதியின் படை" என்று பொருள்படும் ஜெய்ஷ் அல்-ஸுல்ம் என்ற பெயரால் இக்குழுவைக் குறிப்பிடுகின்றன. முந்தைய குழுவின் பெயரான ஜுந்துல்லா "இறைவனின் படைவீரர்கள்" எனப் பொருள்படும். இதே பெயரில் பாகிஸ்தானில் இயங்கிய, பாகிஸ்தானியத் தாலிபானுடன் தொடர்புடைய குழு வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

நிலமும் மக்களும்

சிஸ்தான்-பலுசிஸ்தான் பரப்பளவில் ஈரானின் இரண்டாவது பெரிய மாகாணம். இதன் பரப்பு ஏறத்தாழ 1,80,000 சதுர கிலோமீட்டர். 2016 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 27.75 இலட்சம் பேர். தலைநகரம் சாகெதான். காஷ், சரவான், ஈரான்ஷஹர், ராஸ்க், சாபகார் ஆகியவை ஏனைய முக்கிய ஊர்கள். கிழக்கே பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும், தெற்கே ஓமான் வளைகுடாவும் உள்ளன. நிலம் பெரும்பாலும் பாலையும் வறண்ட மலைகளுமாகும். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரமுள்ள தஃப்தான் எரிமலை இம்மாகாணத்தில்தான் உள்ளது.

மாகாணத்தின் வடபகுதியான சிஸ்தானில் பாரசீக மொழி பேசும் ஷியா முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். தென்பகுதியான பலுசிஸ்தானில் பலூச் மொழி பேசும் சுன்னி முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். ஈரானின் மக்களில் மிகப் பெரும்பாலோர் ஷியாக்கள் ஆவர். ஆகவே ஈரானியப் பலூச்சுகள் மொழியாலும் சமயப் பிரிவாலும் ஒருசேரச் சிறுபான்மையினராக உள்ளனர்.

எல்லை வகுக்கப்பட்ட வரலாறு

பலூச் மக்கள் வாழும் நிலப்பகுதி இன்று பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிடையே பிரிந்து கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய இந்தியாவின் செல்வாக்கின் கீழிருந்த கலாத் அரசுக்கும் பாரசீகத்துக்கும் இடையே எல்லை வகுக்கும் பணி பிரித்தானிய அதிகாரி பிரெடரிக் கோல்ட்ஸ்மிட் தலைமையில் 1871 ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்டது. இன்றைய ஈரான்-பாகிஸ்தான் எல்லைக்கு அதுவே அடிப்படை. ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த எல்லையின் இருபுறமும் ஒரே குலத்தையும் ஒரே குடும்பத்தையும் சேர்ந்தோர் வாழ்கின்றனர்.

எல்லை வகுக்கப்பட்ட பின்னரும் மேற்குப் பலுசிஸ்தானில் உள்ளூர்த் தலைவர்களே நெடுங்காலம் ஆட்சி செலுத்தினர். அவர்களுள் தோஸ்த் முகம்மது கான் என்பவரை 1928 ஆம் ஆண்டில் ரேசா ஷாவின் படைகள் தோற்கடித்தன. அதன் பின்னரே இப்பகுதி தெஹ்ரானின் நேரடி ஆட்சிக்குள் முழுமையாகக் கொண்டுவரப்பட்டது. பலூச் தேசியவாதிகள் இதனை ஆக்கிரமிப்பு என்கின்றனர். ஈரானிய அரசோ இதனை நாட்டின் ஒருமைப்பாடு நிலைநாட்டப்பட்ட நிகழ்வாகக் கொள்கிறது.

மனக்குறைகள்

1979 ஆம் ஆண்டின் இஸ்லாமியப் புரட்சிக்குப் பின் இயற்றப்பட்ட ஈரானிய அரசியலமைப்பு, ஷியா இஸ்லாமின் பன்னிரு இமாம் பிரிவை நாட்டின் அதிகாரபூர்வச் சமயமாக அறிவிக்கிறது. ஏனைய இஸ்லாமியப் பிரிவினர் தம் சமயச் சடங்குகளைத் தம் முறைப்படி நடத்தலாம் என்றும் அதே பிரிவு (12 ஆம் உறுப்பு) கூறுகிறது. ஆயினும் குடியரசுத் தலைவர் அதிகாரபூர்வச் சமயத்தைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும் என 115 ஆம் உறுப்பு விதிக்கிறது. இதனால் சுன்னி முஸ்லிம் ஒருவர் அப்பதவிக்கு வர இயலாது. மாகாணத்தின் உயர் நிருவாகப் பதவிகளிலும் பாதுகாப்புத் துறையிலும் தமக்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது பலூச்சுகளின் நீண்டகால முறைப்பாடு ஆகும்.

இதனுடன் வறுமையும் சேர்ந்துள்ளது. வேலையின்மை, எழுத்தறிவின்மை, குடிநீர்த் தட்டுப்பாடு ஆகியவற்றில் ஈரானின் மிகவும் பின்தங்கிய மாகாணங்களுள் ஒன்றாக இது விளங்குகிறது. ஹெல்மண்ட் ஆற்று நீரை நம்பியிருந்த ஹாமூன் ஏரிகள் தொடர் வறட்சியாலும் மேல்நிலத்து நீர்த்தடுப்புகளாலும் வற்றியதால், சிஸ்தான் பகுதியில் வேளாண்மையும் மீன்பிடியும் நலிந்தன. பிறப்புப் பதிவும் அடையாள ஆவணமும் இல்லாத பலூச் மக்களும் பலர் உள்ளனர். ஆவணம் இல்லாதோர் பள்ளியில் சேர்வதும் மருத்துவ வசதி பெறுவதும் கடினம்.

பிழைப்புக்கு வேறு வழியில்லாத பலர், ஈரானில் அரசு மானியத்தால் மலிவாகக் கிடைக்கும் பெட்ரோலையும் டீசலையும் எல்லை கடந்து பாகிஸ்தானுக்குக் கொண்டு சென்று விற்கின்றனர். பாரசீகத்தில் இவர்கள் "சூக்த்பர்", அதாவது எரிபொருள் சுமப்போர், எனப்படுகின்றனர். சட்டப்படி இது கடத்தல்; எல்லையோரக் குடும்பங்களுக்கோ இதுவே வருவாய். 2021 பெப்ரவரி 22 அன்று சரவான் அருகே எல்லை அடைக்கப்பட்டதை எதிர்த்த எரிபொருள் சுமப்போர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. குறைந்தது 10 பேர் இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் தெரிவித்தன.

அபின், ஹெரோயின் ஆகியவை ஆப்கானிஸ்தானிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் முக்கிய வழியிலும் இம்மாகாணம் அமைந்துள்ளது. போதைப்பொருள் கடத்துவோருடனான மோதல்களில் ஈரானியக் காவலர்கள் பலர் உயிரிழந்துள்ளனர். மறுபுறம், ஈரானில் தூக்கிலிடப்படுவோரில் பலூச்சுகளின் பங்கு அவர்களது மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகம் என்று மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டுகின்றன.

ஜுந்துல்லா (2003–2010)

இத்தகைய சூழலில் அப்துல் மாலிக் ரிகி என்னும் இளைஞர் ஜுந்துல்லாவைத் தொடங்கினார். 2006 மார்ச்சில் சாபோல்-சாகெதான் சாலையில் தாசூகி என்னுமிடத்தில் வண்டிகளை மறித்து, ஏறத்தாழ 22 பேரை இக்குழுவினர் சுட்டுக் கொன்றனர். 2007 பெப்ரவரியில் சாகெதானில் புரட்சிக் காவற்படையினர் சென்ற பேருந்தின் மீது குண்டுத் தாக்குதல் நடத்தினர். 2009 மே 28 அன்று சாகெதானில் உள்ள ஷியாப் பள்ளிவாசல் ஒன்றில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் 20 க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

2009 அக்டோபர் 18 அன்று பிஷீன் என்னும் ஊரில் பலூச் குலத் தலைவர்களுக்கும் புரட்சிக் காவற்படை அதிகாரிகளுக்கும் இடையே நடக்கவிருந்த கூட்டத்தில் குண்டு வெடித்தது. காவற்படையின் தரைப்படைத் துணைத் தளபதி நூர் அலி ஷூஷ்தரி உட்பட 40 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலூச் உரிமைக்காக எனக் கூறி நடத்தப்பட்ட இத்தாக்குதலில் இறந்தோருள் பலூச் குல மூத்தோரும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

2010 பெப்ரவரி 23 அன்று துபாயிலிருந்து கிர்கிஸ்தான் சென்ற விமானத்தை ஈரான் தன் நிலத்தில் இறங்கச் செய்து ரிகியைக் கைது செய்தது. 2010 ஜூன் 20 அன்று தெஹ்ரானின் எவின் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சகோதரர் அப்துல் ஹமீது ரிகி அதற்கு முந்தைய மாதம் சாகெதானில் தூக்கிலிடப்பட்டிருந்தார். குழு ஒடுக்கப்பட்டுவிட்டதாக அரசு கருதியது. ஆனால் அடுத்த மாதமே சாகெதான் பெரிய பள்ளிவாசலில் நடந்த இரட்டைத் தற்கொலைத் தாக்குதலில் 27 பேர் இறந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் சாபகாரில் முஹர்ரம் துக்க ஊர்வலத்தில் நடந்த தாக்குதலில் 38 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஐக்கிய அமெரிக்கா 2010 நவம்பரில் ஜுந்துல்லாவைப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது.

ஜெய்ஷ் அல்-அத்லின் தோற்றம்

ஜுந்துல்லா சிதறியபின் அதன் எச்சங்களிலிருந்து 2012 ஆம் ஆண்டில் இரு குழுக்கள் தோன்றின. ஒன்று, சலாகுத்தீன் பாரூக்கி என்னும் புனைபெயர் கொண்டவரின் தலைமையிலான ஜெய்ஷ் அல்-அத்ல். மற்றொன்று ஹரக்கத் அன்சார் ஈரான். இது 2013 இல் வேறொரு குழுவுடன் இணைந்து அன்சார் அல்-ஃபுர்கான் ஆனது. இரண்டினுள் ஜெய்ஷ் அல்-அத்லே வலுப்பெற்றது. ஐக்கிய அமெரிக்கா 2019 ஜூலையில் ஜுந்துல்லா பற்றிய தன் அறிவிப்பைத் திருத்தி, ஜெய்ஷ் அல்-அத்ல் என்பதையே அவ்வமைப்பின் முதன்மைப் பெயராகப் பதிந்தது.

ஜுந்துல்லா ஷியாப் பள்ளிவாசல்களையும் ஊர்வலங்களையும் தாக்கியது. ஜெய்ஷ் அல்-அத்ல் பெரும்பாலும் எல்லைக் காவலர், காவல் நிலையங்கள், புரட்சிக் காவற்படையினர் ஆகியோரையே இலக்காகக் கொண்டது. படையினரைக் கடத்திச் சென்று, கைதிகளை விடுவிக்கக் கோருவதும் அதன் வழக்கமாயிற்று.

முக்கிய தாக்குதல்கள்

2013 அக்டோபர் 25: சரவான் அருகே 14 எல்லைக் காவலர்கள் கொல்லப்பட்டனர். மறுநாள் ஈரான் சாகெதான் சிறையில் 16 கைதிகளைத் தூக்கிலிட்டது.

2014 பெப்ரவரி: ஐந்து எல்லைக் காவலர்கள் கடத்தப்பட்டனர். உள்ளூர்ச் சுன்னி அறிஞர்களின் முயற்சியால் ஏப்ரலில் நால்வர் விடுவிக்கப்பட்டனர். ஐந்தாமவர் கொல்லப்பட்டிருந்தார்.

2015 ஏப்ரல்: நெகூர் பகுதியில் எட்டு எல்லைக் காவலர்கள் கொல்லப்பட்டனர்.

2017 ஏப்ரல்: மீர்ஜாவே பகுதியில் எல்லைக் காவலர்கள் மீது நடந்த தாக்குதலில் ஏறத்தாழ பத்துப் பேர் இறந்தனர்.

2018 அக்டோபர்: மீர்ஜாவே அருகே ஒரு காவல் சாவடியிலிருந்து பத்துக்கும் மேற்பட்டோர் கடத்தப்பட்டனர். இவர்களுள் சிலர் பின்னர் பாகிஸ்தான் படையினரால் மீட்கப்பட்டனர்.

2019 பெப்ரவரி 13: காஷ்-சாகெதான் சாலையில் எல்லைப் பணி முடிந்து திரும்பிய புரட்சிக் காவற்படையினரின் பேருந்து மீது வெடிகுண்டு வண்டி மோதியது. 27 பேர் இறந்தனர்.

2023 டிசம்பர் 15: ராஸ்க் காவல் நிலையத்தில் 11 காவலர்கள் கொல்லப்பட்டனர்.

2024 ஏப்ரல்: சாபகாரிலும் ராஸ்கிலும் படைத் தளங்கள் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. பாதுகாப்புப் படையினர் பத்துக்கும் மேற்பட்டோரும் தாக்கியோர் 18 பேரும் இறந்ததாக ஈரான் அறிவித்தது.

2024 அக்டோபர் 26: தஃப்தான் பகுதியில் கோஹர் கூஹ் என்னுமிடத்தில் 10 காவலர்கள் கொல்லப்பட்டனர்.

2025 ஜூலை 26: சாகெதான் நீதிமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது. ஒரு குழந்தையும் அதன் தாயும் உட்படக் குறைந்தது ஆறு பேர் இறந்தனர்.

கொள்கையும் "பிரிவினை" என்னும் சொல்லும்

இக்குழுக்கள் பிரிவினையைக் கோரினவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜுந்துல்லாவின் தலைவர் ரிகி தாம் தனிநாடு கேட்கவில்லை என்றும், ஈரானுக்குள்ளேயே பலூச்சுகளும் சுன்னிகளும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்பதே தம் கோரிக்கை என்றும் பேட்டிகளில் கூறினார். ஜெய்ஷ் அல்-அத்லின் அறிக்கைகளில் பலூச் தேசிய உணர்வும் சுன்னி சமய உணர்வும் கலந்தே காணப்பட்டன. 2013 ஆம் ஆண்டின் சரவான் தாக்குதலுக்கு, சிரியப் போரில் ஈரானின் தலையீட்டையும் ஒரு காரணமாக அது காட்டியது. ஈரானிய அரசு இக்குழுக்களின் கோரிக்கைகளை ஏற்கவில்லை. இவை ஐக்கிய அமெரிக்கா, இஸ்ரேல், சவூதி அரேபியா ஆகிய நாடுகளின் கருவிகள் என்று குற்றஞ்சாட்டியது. அக்குற்றச்சாட்டை இக்குழுக்கள் மறுத்தன.

எல்லையின் மறுபுறம், பாகிஸ்தானில் போராடும் பலூச் விடுதலைப் படை போன்ற இயக்கங்கள் வேறு வகையின. பாகிஸ்தானில் அரசும் பலூச்சுகளும் பெரும்பாலும் சுன்னிகளே. ஆகவே அங்குள்ள கிளர்ச்சி மொழி, இனம், கனிவளம் ஆகியவற்றை முன்வைத்துச் சமயச் சார்பின்றி வளர்ந்தது. ஈரானிலோ ஆட்சி ஷியாச் சமய அறிஞர்களின் கையில் உள்ளது. எனவே அங்கு இன முரண்பாடும் சமய முரண்பாடும் ஒரே கோட்டில் அமைந்துவிட்டன. ஒரே இனத்தவரின் கிளர்ச்சி எல்லையின் இருபுறமும் இருவேறு வடிவம் கொண்டதற்கு இதுவே முக்கிய காரணம் எனலாம்.

ஈரான்-பாகிஸ்தான் உறவில் தாக்கம்

தாக்குதல் நடத்துவோர் பாகிஸ்தான் நிலத்தில் புகலிடம் பெறுகின்றனர் என ஈரான் தொடர்ந்து முறையிட்டது. பாகிஸ்தானும் தன் நாட்டுப் பலூச் போராளிகள் ஈரானில் பதுங்குவதாகக் கூறியது. ஈரான் 2007 ஆம் ஆண்டளவில் எல்லையின் சில பகுதிகளில் சுவர் எழுப்பத் தொடங்கியது. பின்னர் பாகிஸ்தானும் வேலி அமைக்கத் தொடங்கியது.

2024 சனவரி 16 அன்று ஈரான், பாகிஸ்தானின் பஞ்ச்கூர் மாவட்டத்தில் ஜெய்ஷ் அல்-அத்லின் தளங்கள் எனக் கூறி ஏவுகணைகளாலும் ஆளில்லா வானூர்திகளாலும் தாக்கியது. இரு குழந்தைகள் இறந்ததாகப் பாகிஸ்தான் அறிவித்துத் தன் தூதரைத் திரும்ப அழைத்தது. இரு நாட்கள் கழித்துப் பாகிஸ்தான் சரவான் பகுதியில் பதில் தாக்குதல் நடத்தியது. அதில் பெண்களும் குழந்தைகளும் உட்பட ஒன்பது பேர் இறந்ததாக ஈரான் தெரிவித்தது. அம்மாத இறுதிக்குள் இரு நாடுகளும் தூதரக உறவைச் சீர்செய்துகொண்டன. இரு அரசுகளும் மற்றதன் நிலத்திலிருந்த ஆயுதக் குழுவினரையே தாக்கியதாகக் கூறின. இறந்த குழந்தைகளோ எல்லையோரக் குடியிருப்புகளைச் சேர்ந்தோர்.

சாபகார் துறைமுகத்தின் காரணமாக இந்தியாவும் இப்பகுதியின் அமைதியில் அக்கறை கொண்டுள்ளது. அத்துறைமுகத்தின் ஷஹீத் பெஹெஷ்தி முனையத்தை இயக்கும் பணியை இந்திய நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் தொடங்கியது. 2024 மே மாதத்தில் பத்தாண்டு ஒப்பந்தமும் கையெழுத்தானது.

ஆயுதமற்ற எதிர்ப்பு

பலூச் மக்கள் அனைவரும் இக்குழுவை ஆதரித்தனர் எனக் கொள்வது தவறு. சாகெதானில் உள்ள மக்கி பள்ளிவாசலின் வெள்ளிக்கிழமைத் தொழுகைத் தலைவர் மௌலானா அப்துல் ஹமீது, ஈரானியச் சுன்னிகளின் செல்வாக்கு மிக்க சமயத் தலைவர் ஆவார். இவர் ஆயுதத் தாக்குதல்களைக் கண்டித்து வந்தார். அதே வேளையில் சுன்னிகளுக்குச் சம உரிமை வேண்டும் என்றும் வெளிப்படையாகப் பேசினார்.

2022 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பின் சாகெதானில் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். சாபகாரில் காவல் அதிகாரி ஒருவர் 15 வயதுச் சிறுமியை வன்புணர்ந்தார் என்ற குற்றச்சாட்டு அதற்கு உடனடிக் காரணமாக இருந்தது. மாசா அமினியின் மரணத்தால் அப்போது நாடு முழுவதும் கொந்தளிப்பு நிலவியது. பாதுகாப்புப் படையினர் சுட்டதில் குறைந்தது 66 பேர் இறந்ததாக ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு முதலில் தெரிவித்தது. பின்னர் எண்ணிக்கை மேலும் உயர்ந்தது. இந்நாள் "குருதி வெள்ளி" எனப்படுகிறது. ஆயுதமேந்திய பிரிவினைவாதிகளே வன்முறைக்குக் காரணம் என அதிகாரிகள் கூறினர். ஜெய்ஷ் அல்-அத்ல் தனக்கு அதில் தொடர்பில்லை என்றது. அதன் பின்னரும் சாகெதான் மக்கள் பல மாதங்கள் வெள்ளிதோறும் ஆயுதமின்றி ஊர்வலம் சென்றனர்.

ஆயுதக் குழுவின் ஒவ்வொரு தாக்குதலும் மாகாணத்தில் படைக் குவிப்புக்கும் கைதுகளுக்கும் காரணம் ஆயிற்று. அமைதியான கோரிக்கைகளையும் பயங்கரவாதத்துடன் சேர்த்துப் பேச அதிகாரிகளுக்கு அது வாய்ப்பளித்தது. அமைதியான எதிர்ப்பு துப்பாக்கியால் அடக்கப்பட்டபோதோ, பேச்சால் பயனில்லை என்ற ஆயுதக் குழுவின் வாதம் இளைஞரிடையே எடுபட்டது. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன.

பிற்கால மாற்றங்கள்

2025 டிசம்பரில் ஜெய்ஷ் அல்-அத்ல் வேறு சில பலூச் குழுக்களுடன் சேர்ந்து "மக்கள் போராளிகள் முன்னணி" என்ற பொருள் தரும் பெயரில் கூட்டமைப்பு ஒன்றை அறிவித்தது. 2003 ஆம் ஆண்டளவில் ஜுந்துல்லா, 2012 இல் ஜெய்ஷ் அல்-அத்ல், 2025 இல் முன்னணி என இக்கிளர்ச்சி மூன்று பெயர்களைக் கண்டுள்ளது. இவ்விடைக்காலத்தில் தலைவர்கள் மாறினர், எல்லையில் சுவர் எழுந்தது, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். சம உரிமை, அடையாள ஆவணம், நீர், வேலை ஆகியவை பற்றிய பலூச் மக்களின் கோரிக்கைகள் பெரும்பாலும் தீர்க்கப்படவில்லை.